கொம்தார் பக்கத்துக் கன்சோல் ரிப்பேர் கடை: எதையும் திறப்பார், திருட்டு கேம் மட்டும் போடமாட்டார்

வீடியோ கேம் கன்சோல்களைப் பழுதுபார்க்கும் இந்தக் கடையின் பெயரை எழுதவில்லை. கடை நடத்தும் அண்ணன் கேட்டுக்கொண்டார். பெயர் வெளியே போனால் "ஹார்ட் டிஸ்க் நிறைய கேம் ஏத்தித் தருவீங்களா" என்று கேட்கிற ஆட்கள்தான் முதலில் வந்து நிற்பார்கள், அவர்களுக்குப் பதில் சொல்லியே பாதி நாள் போய்விடுகிறது என்றார். பினாங்கு ஜார்ஜ்டவுனில் உள்ள கொம்தார் கோபுரத்திலிருந்து நடந்துபோகிற தூரம்தான். பழைய கடைவீடு, குறுகலான மரப்படி, மாடியில் ஒரே அறை. யாருக்காவது உண்மையிலேயே மிஷின் பழுது என்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள், வழி சொல்கிறேன்.

நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். ஃபெரி ஏறி, இறங்கி, நகருக்குள் ஓடும் இலவச கேட் பஸ் பிடித்து, பையில் ஒரு கன்சோலைத் தூக்கிக்கொண்டு அந்தப் படி ஏறுவதற்கு எனக்குக் காரணம் இருந்தது. ஆறு வருஷமாக வீட்டில் ஓடிய மிஷின். டிஸ்க் போட்டால் உள்ளே இழுக்கும், நான்கைந்து தடவை சுழன்று பார்க்கும், அப்புறம் வெளியே தள்ளிவிடும். மற்றதெல்லாம் நன்றாக இருந்தது. எந்தக் கம்பெனி மிஷின் என்பது இங்கே முக்கியமில்லை, இந்த விஷயத்தில் பெரிய கம்பெனிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வழியில்தான் போகின்றன. முதலில் ஒரு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். டிஸ்க்கைப் படிக்கிற டிரைவை மட்டும் மாற்ற முடியாது, மிஷினின் முக்கிய போர்டான மதர்போர்டோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், 780 வெள்ளி ஆகும் என்றார்கள். ஏன் என்று கேட்டால் கவுண்டரில் இருந்த பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை. "சிஸ்டம் அப்படிங்க" என்றது. அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் 780 வெள்ளிக்கு, ஓடுகிற நிலையில் உள்ள பழைய மிஷினே வாங்கிவிடலாம்.

அண்ணன் முதலில் விலை சொல்லவில்லை. "உட்காருங்க தம்பி, திறந்து பார்ப்போம்" என்றார். என் கண் முன்னாலேயே திறந்தார், எனக்கு முதலில் பிடித்தது அதுதான். மூடியைக் கழற்றி, ஃபேன் இறக்கைகளில் ஒட்டியிருந்த தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, டிரைவை அப்படியே வெளியே தூக்கி மேசைமேல் வைத்தார். அதன் அடியில் உள்ளங்கையளவு ஒரு பச்சை போர்டு. அதைச் சுண்டு விரலால் தொட்டுக் காட்டி, "பிரச்சினை இங்க இல்ல, ஆனா எல்லாம் இதனாலதான்" என்றார்.

விஷயம் இதுதான். அந்தச் சின்ன போர்டுக்குள் ஒரு சாவி இருக்கிறது, எண்களால் ஆன சாவி. ஃபாக்டரியிலேயே மதர்போர்டுக்கும் இதற்கும் ஜோடி சேர்த்துவிடுகிறார்கள். இன்னொரு மிஷினிலிருந்து நல்ல டிரைவை எடுத்து முழுசாக மாட்டினால் மிஷின் அதை ஏற்றுக்கொள்ளாது. ஆகவே அண்ணன் என் டிரைவின் போர்டை மட்டும் காப்பாற்றி வைத்துக்கொண்டு, செத்துப்போன வேறொரு மிஷினின் டிரைவில் அதைப் பொருத்தினார். லென்ஸ், மோட்டார், பல்சக்கரம் எல்லாம் அங்கிருந்து வந்தவை, போர்டு மட்டும் என்னுடையது. ரிப்பன் கேபிளை நகத்தால் மெல்ல நெம்பி எடுத்தபோது அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். அந்த போர்டு போனால் டிஸ்க் போடும் வழியே இந்த மிஷினுக்கு இல்லை. 180 வெள்ளி வாங்கினார். தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றியதும் அதற்குள்ளேயே அடக்கம்.

இப்படி ஜோடி சேர்ப்பதற்குக் கம்பெனிகளிடம் காரணமே இல்லை என்று சொல்லமாட்டேன். எக்ஸ்பாக்ஸ் 360 காலத்தில் டிரைவுக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றி, நகல் டிஸ்க்கைப் பார்த்து 'இது அசல்தான்' என்று டிரைவையே பொய் சொல்ல வைத்தார்கள். உலகம் முழுக்க நடந்தது. அந்தப் பயம் நியாயமான பயம். ஆனால் நான் கையில் வைத்திருந்தது காசு கொடுத்து வாங்கிய டிஸ்க், காசு கொடுத்து வாங்கிய மிஷின், நடுவில் தேய்ந்துபோன ஒரு லென்ஸ். திருடனுக்காகப் போட்ட பூட்டு, வீட்டுக்காரன் ரிப்பேர் செய்யப் போகும்போது அவன் கையைத்தான் பிடிக்கிறது. அமெரிக்காவில் இந்த மாதிரிப் பூட்டைத் தாண்டக்கூடாது என்று பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது, அதிலிருந்து இதற்கென்றே 2021இல் ஒரு விலக்கு கொடுத்தார்கள். கன்சோலின் டிஸ்க் டிரைவைப் பழுதுபார்க்கவோ மாற்றவோ பூட்டைத் தாண்டலாம், ஆனால் வேலை முடிந்ததும் பூட்டைப் பழையபடி போட்டுவிட வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அங்கே இப்படி விலக்குகளைப் பரிசீலிக்கிறார்கள். 2012இல் கன்சோல்களுக்கு முழு விலக்கு கேட்டபோது மறுத்துவிட்டார்கள், அதே வருஷம் கைப்பேசிகளுக்குக் கொடுத்தார்கள். இரண்டுமே சட்டைப் பைக்கும் ஹாலுக்கும் வந்துவிட்ட கம்ப்யூட்டர்கள்தான். எனக்கு இன்னும் புரியாத வித்தியாசம் அது.

இரண்டாவது தடவை போனபோது அப்பாவின் பழைய பிளேஸ்டேஷனையும் எடுத்துப்போனேன். முதல் தலைமுறை, சாம்பல் நிறம். 1998இல் வாங்கியது. வாங்கும்போதே உள்ளே நகல் சிடியையும் ஓட வைக்கிற சிப் போட்டுத்தான் வந்தது, அந்தக் காலத்தில் நம் பக்கம் சிப் இல்லாத மிஷினைப் பார்ப்பதே அபூர்வம். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், நகல் சிடி ஐந்து வெள்ளி. நாங்கள் எல்லோரும் அதில்தான் வளர்ந்தோம், அதை மறைத்துவிட்டு நியாயம் பேசுவது சரியில்லை.

அண்ணன் அதையும் திறந்து காட்டினார். எட்டுக் கால் உள்ள ஒரு கறுப்புச் சில்லு, புளியங்கொட்டையைவிடச் சின்னது. அதிலிருந்து நூல் மாதிரி சில ஒயர்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஈயம் ஒரு கடுகளவு. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒன்றுகூட விடவில்லை. "நல்ல கை வச்ச ஈயம்" என்றார். அது செய்கிற வேலை இவ்வளவுதான்: அசல் சிடியின் உள்ஓரத்தில் தடம் லேசாக நெளிந்து ஓடும், அந்த நெளிவுக்குள் நான்கு எழுத்து எழுதியிருக்கும். ஜப்பான் டிஸ்க் என்றால் எஸ்சிஇஐ, அமெரிக்கா என்றால் எஸ்சிஇஏ, ஐரோப்பா என்றால் எஸ்சிஇஇ. வீட்டுக் கம்ப்யூட்டரில் எழுதும் சிடியில் அந்த நெளிவு வராது. மிஷின் அந்த எழுத்தைத் தேடும்போது, டிஸ்க் சொல்லவேண்டியதை இந்தச் சிப் முந்திக்கொண்டு சொல்லிவிடும். அதனால் நகல் சிடி ஓடும். சரி, அது திருட்டு. ஆனால் அதே சிப்பால்தான் அமெரிக்காவில் முழுக் காசு கொடுத்து வாங்கிய அசல் டிஸ்க்கும் எங்கள் வீட்டு ஜப்பான் மிஷினில் ஓடும். என் சித்தப்பா ஒருவர் கப்பலில் வேலை பார்த்தவர், அங்கிருந்து அப்படி இரண்டு டிஸ்க் வாங்கிவந்தார். அந்த இரண்டையும் தடுத்தது திருட்டுக்கு எதிரான பூட்டு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அது எந்த ஊரில் வாங்க வேண்டும், என்ன விலைக்கு வாங்க வேண்டும் என்று நமக்குச் சொல்கிற பூட்டு. பூட்டு ஒன்று, வேலை இரண்டு. முதல் வேலையைக் காட்டி இரண்டாவதற்கும் நம்மிடம் சம்மதம் வாங்கிவிடுகிறார்கள்.

இதைப் பிரித்துப் பார்க்க முடியாது என்பார்கள். முடியும், ஆஸ்திரேலியாவில் பிரித்தார்கள். சிட்னியில் பிளேஸ்டேஷனுக்குச் சிப் போட்டுக் கொடுத்த ஒருவர்மேல் சோனி வழக்குப் போட்டு, அது உயர் நீதிமன்றம் வரை போனது, அங்கே அதுதான் நாட்டின் உச்ச நீதிமன்றம். 2005 அக்டோபரில் ஆறு நீதிபதிகளும் சோனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். அந்தப் பூட்டு நகல் எடுப்பதைத் தடுக்கவில்லை, எடுத்த நகல் ஓடுவதைத்தான் தடுக்கிறது, ஆகவே அன்றைய சட்டம் சொல்கிற பாதுகாப்புக் கருவி இதுவல்ல என்றார்கள். உடனே அமெரிக்காவுடன் செய்துகொண்ட வாணிப ஒப்பந்தத்துக்கு ஏற்ப 2006இல் சட்டத்தை இறுக்கினார்கள், அது உண்மை. ஆனால் இறுக்கும்போதே ஒரு வரி சேர்த்தார்கள்: வெளிநாட்டில் முறையாக வாங்கிய படமோ கேமோ உள்ளூரில் ஓடாமல் தடுக்க, அதாவது சந்தையைத் துண்டு போட, வைத்திருக்கும் பூட்டுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. எனக்கு வேண்டியது இந்த மாதிரி ஒரு வரிதான்.

நம் மலேசியாவில் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 36ஏ பிரிவு பூட்டைத் தாண்டுவதைத் தடுக்கிறது, சில விலக்குகளோடு. அண்ணன் அந்த எண்ணை மனப்பாடமாக வைத்திருக்கிறார். புது மிஷின்களில் சிப் போடுவதோ சாஃப்ட்வேர் பூட்டை உடைப்பதோ அவர் கடையில் நடக்காது. போர்டைக் காப்பாற்றி டிரைவை மாற்றுவது அவர் கணக்கில் வேறு: பூட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது, பழுதான கதவைத்தான் மாற்றினேன் என்கிறார். நான் வக்கீல் இல்லை, ஆனால் அந்த வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது. இன்னொரு பக்கம், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு இருக்கிறது. விற்ற பொருளுக்குப் பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க, உற்பத்தியாளரும் விற்பவரும் நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்கிறது. விற்கும்போதே 'கிடைக்காது' என்று முறையாகச் சொல்லிவிட்டால் தப்பித்துக்கொள்ள வழியும் அதிலேயே உண்டு. என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஐந்து வெள்ளி கட்டி, வக்கீல் இல்லாமல், 50,000 வெள்ளி வரைக்குமான விவகாரத்தைப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோகலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியவில்லை. எனக்கே அண்ணன் சொல்லித்தான் தெரியும்.

நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒரு பையன் வந்தான், பதினேழு பதினெட்டு வயது இருக்கும், கையில் ஒரு கையடக்க மிஷின். "அங்கள், இதுல எல்லா கேமும் போட்டுத் தரமுடியுமா? ஃபிரெண்டுக்கு ஒரு கடையில போட்டுக் கொடுத்தாங்க." அண்ணன் திட்டவில்லை. "முடியாதுலா தம்பி. அனலாக் ஆடுதா, அதை மாத்தித் தரேன்" என்றார், கட்டைவிரலால் நகர்த்துகிற குச்சியைத்தான் அப்படிச் சொன்னார். அப்புறம் அவனை உட்கார வைத்து, பூட்டை உடைத்த மிஷினை ஆன்லைனில் கண்டுபிடித்தால் கம்பெனி என்ன செய்யும் என்று விளக்கினார். நிண்டெண்டோ 2025 மே மாதம் தன் ஒப்பந்தத்தை மாற்றி, விதியை மீறினால் மிஷினையே நிரந்தரமாகப் பயன்படாமல் செய்ய உரிமை உண்டு என்று எழுதிக்கொண்டது. பையன் முகம் வாடிவிட்டது. எனக்கும் அந்த வரி கோபத்தைத்தான் கொடுத்தது. ஆன்லைனில் விடமாட்டேன் என்று சொல், அது உன் வீடு. ஆனால் என் ஹாலில் இருக்கும் பொருளைக் கல்லாக்குவேன் என்று சொல்ல நீ யார்? 2010இல் சோனி ஒரு அப்டேட் கொடுத்து, பிளேஸ்டேஷன் 3இல் லினக்ஸ் என்கிற இயங்குதளத்தைப் போட்டு அதைக் கம்ப்யூட்டராகப் பயன்படுத்துகிற வசதியையே எடுத்துவிட்டது. அதற்காகவே வாங்கியவர்கள் இருந்தார்கள். அப்டேட் செய்யாவிட்டால் ஆன்லைன் கிடையாது. அமெரிக்காவில் வழக்காகி, பல வருஷம் இழுத்து, சமரசப் பணம் கொடுத்து முடித்தார்கள். விற்ற பிறகும் பொருள் இன்னும் தங்கள் கையில்தான் இருக்கிறது என்று நினைத்தால்தான் இப்படிச் செய்யத் தோன்றும்.

திருட்டு விஷயத்திலும் நான் அதே கோபத்தோடுதான் இருக்கிறேன். என் அக்காள் மகன் கோலாலம்பூரில் ஒரு சின்ன கேம் ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறான். மூன்று வருஷம் உழைத்த கேம் வெளிவந்த அன்றைக்கே இலவசமாக ஏறிவிட்டதை எனக்குக் காட்டினான். அன்றைக்கு ராத்திரி அவன் சாப்பிடவே இல்லை. அதனால்தான் "மிஷின் என்னுடையது, எதை வேண்டுமானாலும் போடுவேன்" என்பவர்களோடு நான் நிற்கமாட்டேன். மிஷின் உன்னுடையது, கேம் எழுதியவனின் உழைப்பு உன்னுடையது இல்லை. அண்ணன் இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு கடை நடத்துகிறார், அதில் அவருக்கு நஷ்டம் உண்டு. ஒரு ஹார்ட் டிஸ்க் நிரப்பிக் கொடுக்க எவ்வளவு வாங்குகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், அதற்கு அரை மணி நேரம் போதும். என் டிரைவுக்கு அவர் ஒரு மதியம் முழுக்கக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

குறைகள் இல்லாமல் இல்லை. போன் எடுப்பதே இல்லை, வாட்ஸ்அப்பில் மறுநாள்தான் பதில் வரும். அப்பாவின் மிஷினுக்கு ஒரு வாரம் என்று சொல்லி பன்னிரண்டு நாள் ஆக்கினார். ஏர்கோன் கிடையாது, மதியத்தில் மாடி அறை கொதிக்கிறது. ரசீது கேட்டால்தான் தருகிறார், கையால் எழுதியது, கட்டாயம் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் செய்த வேலைக்கு மூன்று மாத உத்தரவாதம் அதில்தான் இருக்கிறது. அனலாக் மாற்ற, இடமோ வலமோ, ஒரு பக்கத்துக்கு 60 வெள்ளி, இது வெளியே கிடைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனால் காந்தத்தால் வேலை செய்கிற ஹால் சென்சார் ரகம் போடுகிறார், பழைய ரகம்போல உரசித் தேயாது.

போகிறவர்கள் சேவ் ஃபைல்களை முன்கூட்டியே வேறு இடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். பவர் கேபிளோடு, உங்கள் சொந்த டிஸ்க் ஒன்றையும் கொண்டுபோங்கள், போட்டுக் காட்டித்தான் திருப்பித் தருவார். திங்கட்கிழமை மூடியிருக்கும். காலை பதினொன்றுக்கு முன்னால் போகாதீர்கள். என் டிரைவ் மாற்றி நான்கு மாதம் ஆகிறது, நேற்று ராத்திரிகூட ஒரே தடவையில் டிஸ்க்கைப் படித்தது.