அம்பாசடருக்கு வயரிங்: பழையதைத் தேற்றுவதா, ரெடிமேட் செட்டா, சொந்தமாக இழுப்பதா?

பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு பழைய அம்பாசடர் மார்க் 2-ஐ மீட்டெடுக்க இறங்குபவருக்கு வயரிங்கில் மூன்று வழிகள் உண்டு. கையில் நேரம் இருப்பவருக்கு நான் சொல்வது மூன்றாவது வழியைத்தான்.

பழைய வயரிங்கை ஒட்டுப்போட்டுத் தேற்றுவதுதான் செலவு குறைந்தது. ஆனாலும் வேண்டாம் என்பேன். அரை நூற்றாண்டு எஞ்சின் சூட்டில் கிடந்த உறை, வளைத்த இடத்திலெல்லாம் வெடித்து உதிரும். மேலே சுற்றிய டேப்பைப் பிரிக்காமல் உள்ளே நடப்பது தெரியாது. பிரித்தால் மறுபடி சேராது. லூகாஸ் என்ற பிரிட்டிஷ் மின்பாக நிறுவனத்தின் முறையைப் பின்பற்றிய அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் இரண்டே ஃபியூஸ்கள்தாம். பேட்டரியிலிருந்து வரும் பிரதான வயருக்கும் ஹெட்லைட்டுக்கும் ஃபியூஸே கிடையாது. அங்கே ஷார்ட் ஆனால் வயர்தான் எரியும், கூடவே வண்டியும்.

ரெடிமேட் வயரிங் செட்டின் பெரிய லாபம் நேரம். சென்னை ஜி.பி. ரோடு போன்ற உதிரிபாகச் சந்தைகளில் கேட்டுப் பார்க்கலாம். நல்ல செட் கிடைத்தால் ஆட்டோ எலக்ட்ரீஷியன் உதவியோடு சில நாட்களில் வேலை முடிந்துவிடும். ஆனால் எந்த ஆண்டு வண்டிக்கானது என்று விசாரிக்காமல் வாங்கக் கூடாது. ஆல்டர்னேட்டர் வைத்த பிந்தைய மாடலுக்கான செட், டைனமோவும் (பழைய வகை மின்னாக்கி) கட்-அவுட்டும் (பேட்டரி மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பாமல் தடுப்பது) உள்ள மார்க் 2-க்கு அப்படியே பொருந்தாது. வயரின் தடிமனையும் பாருங்கள். வெளியே பருத்துத் தெரிவது உறையாக இருக்கலாம். நுனியைச் சீவி, உள்ளே செம்பு எவ்வளவு என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

சொந்தமாக இழுப்பதில் வேலை அதிகம், ஆனால் வண்டி முழுதும் உங்களுக்குப் புரிந்துபோகும். ஒரு பிளைவுட் பலகையில் ஆணி அடித்து, பழைய செட்டின் நீளத்தை அப்படியே குறித்துக்கொண்டு, சர்க்யூட் சர்க்யூட்டாகக் கட்டலாம். டாஷ்போர்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை பெருமளவு மேசைக்கு வந்துவிடும். அறுபதைத் தாண்டிய முதுகுக்கு இது சாதாரண விஷயமில்லை.

நிறங்களை மட்டும் மாற்றாதீர்கள். பழுப்பு என்றால் பேட்டரியின் நேரடி மின்சாரம், வெள்ளை இக்னிஷன், பச்சை இக்னிஷனுக்குப் பின் ஃபியூஸ் வழியே வருவது, நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் விளக்கு, கறுப்பு எர்த், அதாவது வண்டியின் இரும்பு உடம்போடு சேரும் இணைப்பு. பத்து ஆண்டு கழித்து வேறொருவர் திறந்தாலும் குழம்ப மாட்டார். மலிவாக ஒரே நிறச் சுருள் கிடைக்கிறதே என்று எல்லாவற்றையும் சிவப்பில் இழுத்து வைப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இந்த வழியின் உண்மையான பலன் ஹெட்லைட்டில் தெரியும். இரண்டு 60 வாட் ஹாலஜன் பல்புகள் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கும். ஒரு சதுர மில்லிமீட்டர் வயரில், சுவிட்ச் வழியே 5 மீட்டர் சுற்றி வந்தால் ஏறக்குறைய 0.86 வோல்ட் வழியிலேயே போய்விடும். வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு அதோடு போகும். பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை ஃபியூஸ், ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) வழியே 2 மீட்டருக்குள் கொண்டுபோனால் அந்த வயரில் இழப்பு 0.15 வோல்ட்டைத் தாண்டாது. பழைய சுவிட்சும் ரிலேயின் சிறு மின்சாரத்தை மட்டும் சுமப்பதால் நெடுநாள் உழைக்கும். ரெடிமேட் செட்டிலும் ரிலே சேர்க்கலாம். ஆனால் புத்தம் புதிய செட்டை அதற்காக வெட்ட வேண்டியிருக்கும்.

வீட்டு வயர் வேண்டாம். அதன் உறை எஞ்சின் சூட்டுக்கும் எண்ணெய்க்கும் ஆனதல்ல. முனைகளை நல்ல கிரிம்பிங் கருவியால் நெரித்துப் பொருத்துங்கள். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அந்த இடம் விறைத்து, அதிர்வில் அதன் ஓரத்தில் வயர் முறியும். எர்த் இணைக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் முடுக்க வேண்டும்.

எந்த வழியில் போனாலும் முதல்முறை பேட்டரியை நேரே இணைக்காதீர்கள். பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் எர்த் இருக்கும், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கும். அதை முதலில் பாருங்கள். பிறகு பேட்டரியின் எர்த் முனைக்கும் அதிலிருந்து கழற்றிய எர்த் வயருக்கும் நடுவே ஒரு 21 வாட் பல்பைப் போட்டு, எல்லா சுவிட்சுகளையும் அணைத்து வையுங்கள். பல்பு பிரகாசமாக எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. எரியாவிட்டால் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கத் தொடங்கலாம்.