பாசிப்பயறு: கிளை வீசும் செடியா, சேர்ந்து முற்றும் செடியா?

சென்னையில் வேலை, மதுராந்தகம் பக்கம் நிலம். நெல் அறுத்ததும் கிணற்றுத் தண்ணீரை நம்பிப் பாசிப்பயறு போடுவது வழக்கம். ஊரில் புழங்கும், நன்றாகக் கிளைக்கும் பழைய விதையை விட்டு கோ 8-க்கு மாறிவிட்டேன். கோவை வேளாண் பல்கலைக்கழகம் 2013-இல் வெளியிட்ட ரகம் அது. என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்திருக்கும்.

மஞ்சள் தேமல் நோயைத் தாங்காத விதை எதுவானாலும் வேண்டாம். அந்த நோயைப் பரப்பும் வெள்ளை ஈ வந்துவிட்டால் மற்ற குணங்களைப் பற்றிப் பேசுவதே வீண்.

சரி, விளைச்சல் எதனால் கூடுகிறது? செடிக்கு 15 காய், காய்க்கு 10 மணி, நூறு மணியின் எடை 3.5 கிராம் என்று வையுங்கள், செடிக்கு 5.25 கிராம் பயறு. காய்க்குள் இருக்கும் மணிகளின் எண்ணிக்கை ரகத்துக்கு ரகம் பெரிதாக மாறுவதில்லை. மணி பருத்தால் பெரும்பாலும் காய் குறைகிறது. மிச்சம் இருப்பது காய்களின் எண்ணிக்கைதான். அதே செடியில் 20 காய் நின்றால் கணக்கு 7 கிராமுக்குப் போகும். பூக்கும்போது ஒரு தடவையும் 15 நாள் கழித்து இன்னொரு தடவையும் 2 சதவீத டிஏபி உரக் கரைசல் தெளிப்பதும் பூ உதிராமல் காயாக நிற்கட்டும் என்றுதான். உயரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். தண்ணீர் கொஞ்சம் கூடினால் உயரமான செடி இலையாகவே கொழுத்து, சாய்ந்தும் விடும்.

அப்படியானால் கிளையும் கொத்தும் அதிகமுள்ள பழைய ரகம்தானே ஜெயிக்க வேண்டும்? செடியில் எண்ணினால் ஜெயிக்கும். களத்துக்கு வருவதை எண்ணினால் கதை வேறு.

அந்தச் செடியில் கீழே காய் கறுத்துக்கொண்டிருக்கும்போது மேலே பூ விட்டுக்கொண்டிருக்கும். மேல்காய் முற்றட்டும் என்று காத்திருந்தால் கீழ்க்காய் வெயிலில் வெடித்துச் சிதறும். நடுவில் மழை பெய்தால் காய்க்குள்ளேயே முளை விடும். ஆகவே இரண்டு மூன்று தடவை பறிக்க வேண்டும், அதுவும் வெயில் ஏறுமுன். ஆள் கிடைப்பதே பாடு. 2025-26-க்கான ஆதரவு விலை குவிண்டாலுக்கு 8,768 ரூபாய், அதாவது கிலோ 88 ரூபாய்கூட இல்லை. மூன்றாவது பறிப்பில் வரும் பயறு பறித்தவர்களின் கூலிக்கே சரியாகிவிடுகிறது. வாரக்கடைசியில் மட்டும் ஊருக்குப் போகிறவனுக்குச் சொல்லவே வேண்டாம்.

கோ 8 வயது 55 முதல் 60 நாள். செடி அடக்கமானது, காய்கள் ஏறக்குறைய ஒன்றாக முற்றுகின்றன. ஒரே அறுப்பு, உலர்த்தல், அடிப்பு, அவ்வளவுதான் வேலை. செடிக்குச் சில காய்கள் குறைவாக இருந்தாலும் காய்த்தது வீணாகாமல் வீடு வந்து சேருகிறது.

இயந்திர அறுவடைக்கும் இது தோது என்கிறார்கள். என் துண்டு நிலத்தில் கையறுப்புதான். ஆடிப்பட்டத்தில் போட்டதில்லை, அதனால் மழையை மட்டும் நம்பும் மானாவாரிக்கு இதே கணக்கு ஒத்துவரும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வீட்டு ஆட்களே பறிக்கும் குடும்பமாக இருந்தால் பழைய ரகத்தையே வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், மயிலாப்பூரிலோ அம்பத்தூரிலோ மாடியில் நாலு பையில் போடுபவர்கள் நான் சொன்னதைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கூலியும் கிடையாது, அவசரமும் கிடையாது. காலையில் தண்ணீர் ஊற்றப் போகும்போது கறுத்த காயைக் கிள்ளி வரலாம். கிளை வீசி, விட்டு விட்டுக் காய்க்கும் செடிதான் அதற்குச் சரி.