குரங்கணி மலைநடை என்று சொல்லி 18,000 ரூபாய் வாங்கி ஏமாற்றிவிட்டார்கள்

ஐந்து நாள் ஆகிறது. இன்று காலையும் அந்த எண்ணுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. இனி எடுக்கப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். பள்ளி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் எத்தனை குடும்பம் இவர்களிடம் பணம் கட்டுமோ தெரியவில்லை. எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

சனி ஞாயிறுகளில் குழுவாக மலைக்கு நடத்திக் கூட்டிப்போகிறோம் என்று தினம் படம் போடுகிற பக்கம் அது. பெயரைப் போடவில்லை. நாளைக்கே பெயரை மாற்றிக்கொண்டு வருவார்கள், எந்த வகை ஆட்கள் என்று தெரிந்தால் போதும். குரங்கணியில் தொடங்கி, காட்டு வழியாக சென்ட்ரல் ஸ்டேஷன், அங்கே கிராமத்து வீட்டில் மதியச் சாப்பாடு, சாயங்காலம் டாப் ஸ்டேஷன், இரவு கூடாரம், மறுநாள் இறக்கம். வன அனுமதி, வழிகாட்டி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 4,500. நான், என் மகள், தம்பி, தம்பி மனைவி என்று நாலு பேர். மொத்தம் 18,000 ரூபாய்.

அந்தப் பாதை எனக்கு வெறும் சுற்றுலா இல்லை. அம்மாவைப் பெற்ற தாத்தா போடிக்காரர். மூணாறுத் தேயிலை குண்டளை ரயிலில் டாப் ஸ்டேஷன் வரைக்கும் வந்து, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, அப்புறம் போடிக்கு வந்த கதையைச் சொல்லித்தான் எங்களைத் தூங்க வைப்பார். 1924 வெள்ளத்தில் அந்த ரயில் பாதையே அடித்துக்கொண்டு போய்விட்டது. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ரயிலே இல்லாத மலையில் ஸ்டேஷன் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த ரயிலாலும் ரோப்வேயாலும்தான். அந்த வழியில் ஒருதடவையாவது மகளைக் கூட்டிக்கொண்டு நடக்கவேண்டும் என்பது பத்து வருட ஆசை.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு பணம் அனுப்பவில்லை. 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீயை இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்கவில்லை. மலை ஏறப் போனவர்களில் 23 பேர் போய்விட்டார்கள். அதற்கப்புறம் அனுமதி இல்லாமல் அந்தக் காட்டுக்குள் யாரையும் விடுவதில்லை. அதனால் அந்தப் பக்கத்தில் இருந்த எண்ணில் பேசிய பையனிடம் முதல் கேள்வியே, "வனத்துறை அனுமதி இருக்கிறதா தம்பி?" என்றுதான் கேட்டேன். "அது இல்லாம நாங்க ஆளே எடுக்க மாட்டோம்க்கா" என்று சொல்லி, பத்து நிமிடத்தில் ஒரு கடிதத்தைப் படமெடுத்து அனுப்பினான். முத்திரை இருந்தது, பச்சை மையில் கையெழுத்து இருந்தது. அப்புறம் மகளுக்கு என்ன வயது என்று கேட்டான். பன்னிரண்டு என்றேன். "பாப்பாவுக்கு நான் பொறுப்புக்கா. அவ உயரத்துக்கு ஒரு குட்டிக் கைத்தடி தனியா எடுத்து வைக்கிறேன்" என்றான்.

அந்தக் கைத்தடியில்தான் நான் விழுந்தேன். குழந்தையின் உயரத்தைப் பற்றி யோசிக்கிறவன் ஏமாற்றமாட்டான் என்று நம்பினேன். அன்று ராத்திரியே 18,000 ரூபாயையும் அனுப்பிவிட்டேன்.

போடி பேருந்து நிலையத்தில் காலை ஆறு மணிக்குப் பதினாலு பேர் நின்றோம். மதுரையிலிருந்து நாங்கள், ஓய்வுபெற்ற வங்கி ஊழியரும் அவர் மனைவியும், சென்னையிலிருந்து ரயிலில் வந்த பெண்கள் சிலர், கோவைப் பையன்கள். இருபது வயது இருக்கும் ஒரு பையன் வந்து, நான்தான் ஒருங்கிணைப்பாளர் என்றான். இரண்டு ஜீப்பில் குரங்கணிக்குப் போனோம். இறங்கியதும் எல்லோரையும் மலை தெரிய நிற்கவைத்து, பையைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் படம் எடுத்தான். "பெர்மிட் சீல் வாங்கிட்டு வர்றேன், டீ குடிச்சிட்டு இருங்க" என்று பைக்கில் ஒருவன் பின்னால் ஏறிப் போனான். போனவன் போனவன்தான்.

ஒன்றரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, நானும் அந்த வங்கி ஐயாவும் சோதனைச்சாவடிக்குப் போய் போனில் இருந்த கடிதத்தைக் காட்டினோம். காவலர் படத்தைப் பெரிதாக்கித் தேதி மேல் விரலை வைத்தார். மற்ற எழுத்து லேசாகச் சாய்ந்திருக்கிறது, தேதி மட்டும் நேராக, கொஞ்சம் கறுப்பாக இருக்கிறது. விரலைக் கீழே நகர்த்தினார். "இது மேகமலைக்குக் குடுத்த லெட்டர்ம்மா. பன்னெண்டு பேருக்கு. நீங்க எத்தனை பேர்?" இடத்தின் பெயர் அந்தக் கடிதத்திலேயே இருந்தது. நான் முத்திரையைப் பார்த்தேன், கையெழுத்தைப் பார்த்தேன், இடத்தைப் படிக்கவே இல்லை. அந்த மனிதர் கத்தவில்லை, விரட்டவில்லை. "போன மாசமும் இப்படி ஒரு கூட்டம் வந்து நின்னுச்சு" என்று மட்டும் சொன்னார். வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. மகள் புது ஷூவோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "அந்தக் குச்சியை எப்பம்மா தருவாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜீப்காரர்களுக்கும் காசு வரவில்லை. அவர்களோடு சண்டை போட எங்களுக்கு மனசு வரவில்லை, ஆளுக்கு 150 போட்டுத் திரும்பி வந்தோம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் வயிற்றெரிச்சல். முதல் நாள், "சர்வர் பிரச்சினையில பெர்மிட் வரலைக்கா, பணம் மூணு வேலை நாள்ல வந்துடும்." மறுநாள், சாப்பாட்டுக்கும் கூடாரத்துக்கும் முன்பணம் கொடுத்தாச்சு, அதைக் கழித்துக்கொண்டு பாதிதான் தரமுடியும். சரி, பாதியையாவது அனுப்பு என்றால், அக்கவுண்ட்ஸ் பார்க்கிற மேடம் பேசுவார்கள் என்று ஒரு எண். அந்த மேடம், ஜூனில் கொல்லிமலை போகிறோம், அதில் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கள் என்கிறார். எனக்குக் கொல்லிமலை வேண்டாம்மா, என் 18,000 ரூபாய் வேண்டும் என்றேன். லைனைத் துண்டித்துவிட்டார். பதினாலு பேரும் வாட்ஸ்அப் குழுவில் கேட்க ஆரம்பித்ததும், அட்மின் மட்டும்தான் எழுதலாம் என்று மாற்றிவிட்டார்கள். பக்கத்தில் நான் போட்ட பின்னூட்டம் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. பதினாலு பேர் பணம், கூட்டிப் பாருங்கள், 63,000 ரூபாய்.

சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கும் நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் புகார் சொல்லியிருக்கிறேன். அவரவர் தனித்தனியாகவும் கொடுக்கச் சொல்லி மற்றவர்களுக்கும் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சொல்கிறேன் என்றேனே, அது இவ்வளவுதான். அனுமதிக் கடிதம் காட்டினால் இடம், தேதி, ஆள் எண்ணிக்கை மூன்றையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள், படித்துவிட்டு அந்த வனச்சரக அலுவலகத்துக்கே போன் போட்டுக் கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே அனுப்பாதீர்கள். தனி ஆள் பெயரில் இருக்கிற எண்ணுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். காட்டில் நடக்கவேண்டும் என்றால், 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு தளம் இருக்கிறது. 40 பாதைகள் போட்டிருக்கிறார்கள், குரங்கணி – சாம்பலாறும் அதில் உண்டு. எனக்கு இது முன்னாலேயே தெரிந்திருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தம்பி ஒரு படம் அனுப்பினான். அந்தப் பக்கத்தில் ஜூன் பயணத்துக்கு விளம்பரம் போட்டிருக்கிறார்கள். மேலே இருப்பது அன்று காலை குரங்கணியில் எடுத்த எங்கள் படம். பதினாலு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறோம், முன் வரிசையில் என் மகள் நிற்கிறாள். எடுத்துவிடச் சொல்லி மூன்று தடவை எழுதிவிட்டேன். இந்த நிமிடம் வரை அப்படியேதான் இருக்கிறது.