ஃபூஜியா, நிக்கோவா, கிழக்கு ஹொக்கைடோவா: காரில் போகும் இருவருக்கு எது சரி?

ஜப்பானில் மலையும் ஏரியும் சேர்ந்து வேண்டும், சுற்றுலாக் கூட்டத்தோடு ஒட்டாமல் இருவர் மட்டும் காரில் போக வேண்டும் என்று தேடுகிறவர்கள் கடைசியில் மூன்று இடங்களில் வந்து நிற்பார்கள். டோக்கியோவுக்கு மேற்கே ஃபூஜியின் ஐந்து ஏரிகள், வடக்கே நிக்கோ, விமானம் ஏறிப் போக வேண்டிய கிழக்கு ஹொக்கைடோ. படங்களை வரிசையாக வைத்தால் ஃபூஜிதான் ஜெயிக்கும். ஆனால் படத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

எங்கள் வீட்டில் ஓட்டுவது அவர். வழி சொல்வதும் அதில் சண்டை போடுவதும் நான். அதனால் நான் கேட்பது இரண்டே கேள்வி. அங்கே கார் இருப்பதால் பேருந்தில் வருகிறவருக்குக் கிடைக்காத எது நமக்குக் கிடைக்கிறது? மலை மேகத்துக்குள் போய்விட்டால் அன்றைய பொழுது என்ன ஆகும்?

ஃபூஜி: பாதி ஏரிகளுக்கு கார் வேண்டாம்

கவாகுச்சி ஏரிக்கு டோக்கியோவின் ஷின்ஜுகுவிலிருந்து நேரடி ரயில் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிடும். பேருந்துகளும் ஏராளம். காரில் வந்தால் சூவோ விரைவுச்சாலையில் சுமார் 100 கிலோமீட்டர், அதற்குச் சுங்கம், வார இறுதியென்றால் நெரிசல், வந்து சேர்ந்த பிறகு பார்க்கிங் தேடும் படலம். கூட்டம் எப்படி என்பதற்கு ஒரு சாட்சி: அங்கே ஒரு லாசன் கடைக்கு மேல் ஃபூஜி எட்டிப் பார்ப்பதுபோல் படமெடுக்க வந்தவர்கள் சாலையையே மறித்ததால், 2024 மே மாதம் எதிர் நடைபாதையில் இரண்டரை மீட்டர் உயரத்துக்கு 20 மீட்டர் நீளக் கறுப்புத் திரையை ஊர் நிர்வாகம் கட்டியது. அதையும் ஓட்டை போட்டுப் படமெடுத்தார்கள். ஆகஸ்டில் திரையைக் கழற்றினார்கள்.

கார் உதவுவது மேற்கே உள்ள சாய், ஷோஜி, மோதோசு ஏரிகளுக்கு. அந்தப் பக்கம் பேருந்து குறைவு, கூட்டமும் குறைவு. ஒருகாலத்தில் சாயும் ஷோஜியும் ஒரே பெரிய ஏரியாக இருந்தன. 864-இல் ஃபூஜி கக்கிய எரிமலைக் குழம்பு அதில் பாய்ந்து துண்டாக்கியது. இன்றும் மூன்றின் நீர்மட்டமும் ஏறத்தாழ ஒன்றே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர். அந்தக் குழம்பு உறைந்த பாறை மேல்தான் அவோகிகஹாரா காடு வளர்ந்தது. மண் மெல்லிசு என்பதால் வேர்கள் உள்ளே இறங்க வழியில்லாமல் பாறை மேலேயே பின்னிக்கிடக்கும். மோதோசுவின் வடமேற்குக் கரைக்குப் போனால், 2004-இல் வந்த 1,000 யென் நோட்டின் பின்புறத்தில் இருக்கும் காட்சி நேரில் கிடைக்கும்.

ஒரு சின்ன உபாயம். ஜப்பானிலும் நம்மைப்போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டீயரிங் வலப்பக்கம். ஆகவே ஏரியைக் கோயிலை வலம் வருவதுபோல் சுற்றாமல், நேர்மாறாகச் சுற்றுங்கள். அப்போது தண்ணீர் இடப்பக்கம், பக்கத்து இருக்கையில் இருப்பவரின் ஜன்னலுக்கே வரும். கரையோரம் நிறுத்த எதிர்ச்சாலையைக் குறுக்கே கடக்கவும் வேண்டியதில்லை. எந்த ஏரிக்கும் இது பொருந்தும்.

இனி இரண்டாவது கேள்வி. ஃபூஜி வட்டாரத்தில் கதாநாயகன் ஒருவன்தான். கோடையில் அவன் பெரும்பாலும் மேகத்துக்குள்தான் இருப்பான். அப்படியான நாளில் நருசவா பனிக்குகைக்குள் இறங்கலாம், ஓஷினோ ஊற்றுக்குளங்களைப் பார்க்கலாம், பூசணிக்காய் போட்ட ஹோதோ நூடுல்ஸ் சாப்பிடலாம். பொழுது போகும், ஆனால் எதற்காக வந்தோமோ அது நடக்காது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, அதிலும் காலை வேளையில், மலை தெளிவாகத் தெரியும். அப்போது சாலையில் உறைபனி. பனி டயர் போட்ட வண்டியா என்று கேட்டு வாங்க வேண்டும். காரில் மலைச்சரிவில் சாலை முடியும் ஐந்தாம் நிலையம்வரை ஏறிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் கவனிக்க: கோடை ஏற்றக் காலத்தில் ஃபூஜி சுபாரு சாலையில் சொந்த வண்டிகளை விடுவதில்லை.

நிக்கோ: சாலையே காட்சி

நிக்கோவுக்கும் ரயில் உண்டு. தோஷோகு ஆலயத்தோடு திரும்புவதாக இருந்தால் கார் வீண். ஆனால் மலை மேலே சூசென்ஜி ஏரிக்கும் அதற்கு அப்பாலும் போவதென்றால் கதை மாறுகிறது.

ஏறுவதற்கு ஒரு வழி, இறங்குவதற்கு வேறொரு வழி என்று இரோஹாசாகா இரண்டு ஒருவழிச் சாலைகளாக ஓடுகிறது. மொத்தம் 48 வளைவுகள். பழைய ஜப்பானிய அரிச்சுவடியின் எழுத்து ஒன்று ஒவ்வொரு வளைவிலும் பலகையில் நிற்கும். ஏறும்போது 20, இறங்கும்போது 28. எதிரே வண்டி வராது என்பதால் ஓட்டுகிறவருக்குக் கொண்டாட்டம். பக்கத்தில் இருப்பவருக்கு வயிறு புரட்டும், எனக்குப் புரட்டியது. புளிப்பு மிட்டாயோடு ஏறுவது நல்லது. குரங்குகள் வந்தால் ஜன்னலைத் திறக்க வேண்டாம்.

மேலே 1,269 மீட்டர் உயரத்தில் ஏரி. நந்தாய் எரிமலையின் குழம்பு பள்ளத்தாக்கை அடைத்ததால் தேங்கிய தண்ணீர் அது. வழிகிற இடம்தான் 97 மீட்டர் கெகோன் அருவி. பாறைக்குள் இறங்கும் லிஃப்ட் அருவிக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தும். மூடுபனியில் சில நாள் அருவி தெரியாது, சத்தம் மட்டும் வரும்.

நிக்கோ ஃபூஜியை முந்துவது மலை மறைந்த நாளில்தான். நந்தாய் தெரியாவிட்டால் செஞ்ஜோகஹாரா சதுப்புவெளியின் மரப்பாதையில் நடக்கலாம். அந்த இடத்துக்கு மூட்டம் ஒரு குறையே இல்லை. அல்லது ஏரிக்கரையில் இருக்கும் பழைய இத்தாலியத் தூதரக மாளிகைக்குப் போகலாம். 1928-இல் அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தது. சுவரும் கூரையின் உட்புறமும் தேவதாருப் பட்டைகளால் இழைத்தவை. ஒவ்வோர் அறையிலும் பட்டையை ஒவ்வொரு விதமாகக் கட்டம் கட்டி, குறுக்கே சாய்த்து அடித்திருக்கிறார்கள். ஏரியைப் பார்த்த தாழ்வாரத்தில் நாற்காலிகள். எங்களுக்குள் வழிச்சண்டை இல்லாத ஒரே மணி நேரம் அங்கே கழிந்தது.

இலையுதிர்காலத்தில்தான் காரின் பலன் முழுசாகத் தெரியும். உயரத்துக்கு உயரம் நிறம் மாறும் காலம் வேறு. அக்டோபர் தொடக்கத்தில் ஏரிக்கும் மேலே உள்ள யுமோதோ ஊர்ப் பக்கம் சிவக்கும். மாதக் கடைசியில் ஏரியும் வளைவுச் சாலையும். கீழே ஊர் நவம்பரில். எந்த வாரம் போனாலும் எங்காவது ஓர் உயரத்தில் நிறம் இருக்கும், காரில் அதைத் துரத்திப் பிடிக்கலாம். இதே வாரங்களில்தான் இரோஹாசாகாவில் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும். ஒருவழி என்பதால் நடுவில் மனம் மாறித் திரும்பவும் முடியாது. விடிந்ததும் ஏறிவிடுங்கள், அல்லது முந்தைய இரவே மேலே தங்கிவிடுங்கள். யுமோதோவில் கந்தக வெந்நீர் ஊற்று விடுதிகள் இருக்கின்றன. பொதுக் குளியலில் ஆண், பெண் தனித்தனி. இருவரும் சேர்ந்து குளிக்க வேண்டுமானால் தனிக் குளியலறை உண்டா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

வந்த வழியே இறங்காமல் யுமோதோவிலிருந்து 120-ஆம் எண் சாலையில் கொன்செய் கணவாயைத் தாண்டி குன்மா பக்கம் இறங்குவது என் பரிந்துரை. டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசிவரை அது மூடியிருக்கும்.

கிழக்கு ஹொக்கைடோ: காரில்லாமல் நடக்காது

டோக்கியோவிலிருந்து குஷிரோவுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். விமான நிலையத்திலேயே வண்டி எடுத்தால் ஒரு மணி நேரத்தில் அக்கான் ஏரி. இங்கே பேருந்தை நம்பினால் ஒரு நாளில் ஓர் ஏரிதான். காரில் அக்கான், மாஷு, குஷாரோ மூன்றையும் சுற்றலாம். மூன்றும் ஒரே தேசியப் பூங்காவுக்குள் இருந்தும் ஒன்றைப்போல் ஒன்று இல்லை.

மாஷுவின் கரைக்கு இறங்க அனுமதி கிடையாது. விளிம்பிலிருந்துதான் பார்க்க வேண்டும். உள்ளே வரும் ஆறும் இல்லை, வெளியே போகும் ஆறும் இல்லை. 1931-இல் இதன் தண்ணீரில் 41.6 மீட்டர் ஆழம்வரை தெரிந்தது. அன்றைக்கு அது உலகச் சாதனை. கோடையில் கடல் மூடுபனி விளிம்பைத் தாண்டி வழிந்து ஏரியை நிரப்பிவிடும். முதல் தடவையே மாஷுவைத் தெளிவாகப் பார்த்தவருக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்று ஒரு பேச்சு உண்டு. தம்பதிகளுக்கு அந்தக் கவலை இல்லை.

மாஷு மூடியிருந்தால் வண்டியை நேரே இவோ மலைக்கு விடுங்கள். மஞ்சள் கந்தகம் படிந்த துளைகளிலிருந்து ஆவி சீறுவதைக் கிட்ட நின்று பார்க்கலாம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் குஷாரோ, ஜப்பானின் மிகப் பெரிய எரிமலைவாய் ஏரி. அதன் கிழக்குக் கரையில் சுனாயு என்ற மணல் திட்டு. கையால் ஒரு சாண் தோண்டினால் வெந்நீர் ஊறும். பக்கத்திலேயே ஏரித் தண்ணீர் சில்லென்று அடிக்கும். குழியை அகலமாக்கிக் காலை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்துவிடலாம், காசும் கிடையாது. குளிர்காலத்தில் அந்தச் சூட்டால் உறையாத ஓரத்தில் அன்னங்கள் வந்து தங்கும்.

கஷ்டங்களையும் சொல்லிவிட வேண்டும். சாலை நேராக நீளும், தூக்கம் வரும், வேகம் தெரியாமல் கூடும். மாலையானால் மான்கள் குறுக்கே வரும். ஒன்று கடந்துவிட்டது என்று மிதித்தால் பின்னாலேயே இன்னொன்று வரும். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஜூனிலோ நான்கு மணிக்கு முன்பே விடிந்துவிடும், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் சைவர்களுக்கு நிக்கோதான் சற்று எளிது, சோயாப் பாலின் ஆடையான யூபா அவ்வூர்ச் சிறப்பு. ஆனால் சாறு எதுவானாலும் மீன் சேர்ந்திருக்கலாம். மூன்று இடத்திலும் கேட்டே ஆக வேண்டும்.

டோக்கியோவில் தங்கி இரண்டு நாள் மட்டும் ஒதுக்க முடிகிறவர்களுக்கு நான் நிக்கோவைச் சொல்வேன். உத்சுனோமியாவரை ஷின்கான்சென் அதிவேக ரயில், அங்கே வண்டி. டோக்கியோ நெரிசலில் ஓட்டவே வேண்டாம். நான்கைந்து நாள் இருந்தால் யோசிக்காமல் ஹொக்கைடோ. ஃபூஜி பார்த்தே தீர வேண்டும் என்றால் குளிர்காலத்தில் ரயிலில் கவாகுச்சிக்குப் போய், அங்கே ஒரு நாளுக்கு மட்டும் வண்டி எடுத்து மேற்கு ஏரிகளுக்குப் போங்கள்.

எங்கே போனாலும் உரிமம் விஷயத்தில் ஏமாறாதீர்கள். 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி வழங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியைத்தான் ஜப்பான் ஏற்கும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் உரிமக்காரர்கள் அதை ஊரிலேயே எடுத்துக்கொண்டு வர வேண்டும். சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் உரிமம் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு அந்த நாடுகள் வழங்கும் சர்வதேச அனுமதி ஜப்பானில் செல்லாது. தங்கள் நாட்டு உரிமத்தோடு அதன் அதிகாரப்பூர்வ ஜப்பானிய மொழிபெயர்ப்பைக் காட்ட வேண்டும். மொழிபெயர்ப்புக்கு நாளாகும் என்பதால் விமானச் சீட்டு போட்ட கையோடு விண்ணப்பித்துவிடுங்கள்.