சாப்பா குத்திய வெள்ளி டாலர்: கார்லஸா, கழுகா, அமெரிக்க டிரேட் டாலரா?

சீன வணிகர்களின் முத்திரையான சாப்பா விழுந்த பழைய வெள்ளி நாணயங்களைச் சேர்க்க விரும்புகிறவர் முதலில் வாங்குவது பெரும்பாலும், கீழ்த்திசை வணிகத்துக்கென அடித்த அமெரிக்க டிரேட் டாலர்தான். பெயர் பெற்ற நாணயம், ஏலப் பட்டியல்களில் எளிதில் கண்ணில் படும், அதிலுள்ள எழுத்தைப் படிக்கவும் முடியும். ஆனால் நமக்கு வேண்டியது நாணயமா, அதன் மேல் விழுந்த சாப்பாவா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். சாப்பாதான் வேண்டும் என்றால் என் தேர்வு மெக்சிகோவின் கழுகு டாலர். மற்றவற்றையும் உடன் வைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும்.

சீனாவை ஆண்ட சிங் பேரரசு நெடுங்காலம் தன் பெயரில் வார்த்தது பெரும்பாலும் நடுவில் துளையுள்ள செப்புக் காசுகளைத்தான். பெரிய வணிகமெல்லாம் வெள்ளியில் நடந்தது. அந்த வெள்ளி கட்டியாகவோ வெளிநாட்டு நாணயமாகவோ வந்து, தராசில் ஏறி, எடைக்கும் மாற்றுக்கும், அதாவது வெள்ளியின் தூய்மைக்கும், ஏற்ப மதிப்பிடப்பட்டது. குவாங்சோவிலும் அதைச் சுற்றிய தென்சீனத் துறைமுகங்களிலும் ஒரு டாலர் கைமாறும்போது கடைக்காரரோ அவரிடம் நாணயம் சோதிக்கும் வேலை செய்த சராப்போ அதைச் சோதித்து, சிறிய எஃகு அச்சை வைத்துச் சுத்தியலால் ஓர் அடி கொடுப்பார். 'நான் பார்த்தேன், நல்ல வெள்ளி, கள்ளமென்றால் என்னிடம் கொண்டுவா' என்பதே அந்த அடிக்கு அர்த்தம். அடுத்து வாங்கியவர் தன் சாப்பாவையும் சேர்த்தார். அடி விழுந்து விழுந்து சில நாணயங்கள் கிண்ணம்போல் குழிந்தன, சில உடைந்தன. உடைந்த துண்டும் எடைக்குச் செல்லுபடியானது.

சாப்பாக்களில் 'பெரிது' எனப் பொருள்படும் 'தா', 'நற்பேறு' எனப் பொருள்படும் 'ஜி' போன்ற எழுத்துகள், குடும்பப் பெயர்கள், பிறை, நட்சத்திரம், ஸ்வஸ்திகம் எல்லாம் உண்டு. ஒரு சாப்பா எந்தக் கடையுடையது என்று அநேகமாக எந்த நாணயத்திலும் கண்டறிய முடிவதில்லை. இருந்தும், முகம் தெரியாத ஒரு வணிகர் தன் நம்பகத்தன்மையைப் பணயம் வைத்த தடயம் அது. அரசர்களின் தலையைவிட எனக்கு அது பெரிதாகப் படுகிறது.

வரலாற்றுச் செழுமையில் ஸ்பானிய டாலரான எட்டு ரியாலுக்கு ஈடில்லை. 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்கள் இந்த வெள்ளியைக் கொண்டுவந்தன. பட்டும் பீங்கானும் ஏற்றி மணிலாவுக்கு வந்த ஃபூஜியன் வணிகர்கள் அதைச் சீனாவுக்குள் எடுத்துச் சென்றார்கள். 1732 முதல் 1772 வரை வந்தவை இரு தூண்களும் இரு உலக உருண்டைகளும் பொறித்த 'தூண் டாலர்கள்', ஏறத்தாழ 91.7 விழுக்காடு தூய வெள்ளி. 1772 முதல் அரசர் தலை பொறித்தவை வந்தன. மூன்றாம் கார்லஸ், நான்காம் கார்லஸ் இருவரின் பெயரும் அவற்றில் 'கரோலஸ்' என்று லத்தீனில் இருக்கும். சீன ஆவணங்களில் இது 'புத்தர் வெள்ளி'. ஸ்பெயின் இதன் மாற்றை ரகசியமாக இருமுறை குறைத்தது: 1772இல் சுமார் 90.3 ஆகவும், 1786இல் சுமார் 89.6 ஆகவும். அப்படியும் சீனச் சந்தை கார்லஸ் தலையைக் கைவிடவில்லை. ஷாங்காய்ப் பகுதியில் சாப்பா விழாத கார்லஸ் டாலர் அதிலுள்ள வெள்ளியின் மதிப்பைவிட அதிக விலைக்கு ஓடியது. தெற்கே எடைக்குப் போன நாணயம் அங்கே முகத்துக்காக மதிக்கப்பட்டது.

இவ்வளவு பெருமை இருந்தும் சாப்பா சேர்ப்பவர் கார்லஸை மையமாக வைத்துக்கொள்ளப் பரிந்துரைக்க மாட்டேன். நெடுங்காலம் புழங்கியதால் முகமும் எழுத்தும் தேய்ந்தவையே அதிகம். பழைய நாணயங்களில் விழுந்த சாப்பாக்கள் பொதுவாக மிகச் சிறியவை. பிற்காலத்தில் பல அடி வாங்கியவற்றிலோ ஒன்றன் மேல் ஒன்று ஏறி எதையும் பிரித்துப் படிக்க முடியாது. தூண் டாலரை ஸ்பானிய நாணயம் சேர்ப்பவர்களும் தேடுவதால் விலை தனியாக ஏறும். தெளிவாக இருக்கும் ஒரே ஒரு கார்லஸை வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

இனி கழுகு டாலர். விடுதலை பெற்ற மெக்சிகோ 1823 முதல் அடித்த எட்டு ரியால் இது. ஒரு பக்கம் கள்ளிச்செடி மேல் பாம்பைக் கவ்விய கழுகு. மறுபக்கம் கதிர்களுக்கு நடுவே விடுதலைத் தொப்பி. எடை 27.07 கிராம், மாற்று 90.3. தொடக்கத்தில் சீனர்கள் இதை நம்பவில்லை, தள்ளுபடி விலைக்கே எடுத்தார்கள். ஆனால் புதிய கார்லஸ் வரத்து நின்றுவிட்டது. 1850களின் பிற்பகுதியில் ஷாங்காயே கழுகுக்கு மாறியது. அந்தப் பிடிப்பின் வலுவை மெக்சிகோவே பின்னர் உணர்ந்தது. 1869இல் தராசு பொறித்த புதிய பெசோவை வெளியிட்டபோது சீனச் சந்தை அதை ஏற்கத் தயங்கியது. 1873இல் பழைய கழுகும் தொப்பியும் திரும்பி வந்தன. சாப்பா விழுந்த தராசுப் பெசோ கிடைத்தால் விடாதீர்கள். மறுக்கப்பட்ட நாணயத்தையும் ஒரு வணிகர் சோதித்து ஏற்றதற்கு அது சான்று.

சேர்ப்பவருக்குக் கழுகு தரும் வசதிகள் பல. பத்துக்கும் மேற்பட்ட நாணயச்சாலைகள் இதை அடித்தன. சகாடேகாஸ், குவானஹுவாடோ, மெக்சிகோ நகரம் மூன்றும் மலிவாகக் கிடைக்கும், வாஹாகா போன்றவை பொறுமையைச் சோதிக்கும். ஆண்டு, நாணயச்சாலைக் குறி, மாற்றுச் சோதகரின் முதலெழுத்துகள், மாற்றின் அளவு எல்லாம் நாணயத்திலேயே இருக்கின்றன. மெக்சிகோவில் மாற்றுப் பார்த்தவரின் எழுத்தும் சீனாவில் மாற்றுப் பார்த்தவரின் சாப்பாவும் ஒரே நாணயத்தில் அருகருகே நிற்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கழுகைச் சுற்றி வெற்றிடம் இருப்பதால் சாப்பா நன்றாகத் தெரியும். 1820களிலிருந்து நூற்றாண்டின் இறுதிவரை நாணயம் வந்துகொண்டே இருந்ததால், ஆண்டுவாரியாக அடுக்கினால் சாப்பாக்களின் அளவும் பாணியும் மாறுவதைக் கண்ணால் காணலாம். ஓர் எச்சரிக்கை: நாணயத்தில் 1835 என்று இருந்தால் சாப்பா 1835க்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் விழுந்திருக்கலாம்.

அமெரிக்க டிரேட் டாலர் இந்தக் கழுகை வெல்வதற்காகவே பிறந்தது. 1873ஆம் ஆண்டுச் சட்டப்படி எடை 420 கிரெயின், அதாவது 27.22 கிராம், மாற்று 90. இரண்டையும் நாணயத்திலேயே பொறித்தார்கள். தூய வெள்ளியைக் கணக்கிட்டால் அமெரிக்க டாலரில் 24.49 கிராம், கழுகில் 24.44. வித்தியாசம் அவ்வளவுதான். எடையைப் பொறித்திருந்தும் சீன வணிகர் தம் சாப்பாவை நம்பியே வாங்கினார். 1876இல் அமெரிக்காவில் அதன் சட்டபூர்வச் செலாவணி தகுதி பறிக்கப்பட்டது. 1887இல் அரசு திரும்ப வாங்கியபோது சிதைக்கப்பட்டவற்றை ஏற்கவில்லை, சாப்பா விழுந்தவையும் அதில் அடங்கின. புழக்கத்துக்காக 1878 வரை மட்டுமே அடித்ததால் ஆண்டும் நாணயச்சாலையும் சேர்த்து 17 வகைகள்தான். முழுத் தொகுப்பு வேண்டுபவருக்கு இது வரம்பு தெரிந்த இலக்கு, கார்சன் சிட்டி நாணயச்சாலையின் அரிதான 1878 நாணயத்தில் முட்டி நிற்கும் வரை. ஒரு காலத்தில் சேதம் என்று ஒதுக்கப்பட்ட சாப்பாவைத் தரச்சான்று நிறுவனங்கள் இப்போது தனி வகையாகக் குறிப்பிட்டுத் தரமிடுகின்றன. விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கிறது.

இங்கேதான் போலிகளின் பெருவெள்ளம். 1873க்கு முந்தைய ஆண்டு பொறித்த 'டிரேட் டாலர்' என்றால் கேள்வியே வேண்டாம், போலி. மற்றவற்றை முதலில் எடை பாருங்கள். பல போலிகள் இரண்டு மூன்று கிராம் குறைவாக நிற்கும், சில காந்தத்தில் ஒட்டும். எடை சரியாக இருந்தால் சாப்பாவைப் பாருங்கள். உண்மையான அடி உலோகத்தை ஒதுக்கித் தள்ளும். அதற்கு நேர் பின்புறம் தட்டையாகவோ சற்றுப் புடைத்தோ இருக்கும். ஒவ்வோர் அடிக்கும் ஆழம் வேறுபடும். போலியில் சாப்பாவும் அச்சின் ஒரு பகுதியாகவே வருவதால், வேறு வேறு விற்பனையாளர்களிடம் ஒரே சாப்பாக்கள் அதே இடங்களில் இருக்கக் காணலாம். விற்பனைப் படங்களை ஒப்பிட்டாலே பல அகப்படும். கழுகிலும் போலி உண்டு, ஆனால் இந்த அளவுக்குத் தொல்லை இல்லை.

பிரிட்டிஷ் டிரேட் டாலரை நம் நாட்டினர் ஆசையோடு பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. 1895 முதல் 1935 வரை வந்த இது பெரும்பாலும் பம்பாயில் அடிக்கப்பட்டது. பிரிட்டனின் உருவகப் பெண்ணான பிரிட்டானியா ஏந்திய திரிசூலத்தின் நடுமுனையில் பொடியாக ஒரு 'பி' இருக்கும். மறுபக்கத்தில் சீன எழுத்தும், அரபு வழி வந்த ஜாவி எழுத்தில் மலாயும். செட்டியார்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கொடுக்கல்வாங்கல் நடத்திய காலத்து நாணயம் இது. 1903இல் இவ்விரண்டும் அடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் குடியேற்றங்களுக்குத் தனி டாலர் வந்தது. ஆனால் சாப்பா குத்தும் வழக்கம் தளர்ந்த காலம் என்பதால் இதில் ஒன்றிரண்டு சிறிய சாப்பாக்களே விழுந்திருக்கும்.

ஜப்பானிய வெள்ளி யென்னில் வட்டத்துக்குள் இருக்கும், 'வெள்ளி' எனப் பொருள்படும் 'கின்' (gin) குறியைச் சீனச் சாப்பா என்று சொல்லி விற்கிறார்கள். 1897இல் ஜப்பான் தங்க அடிப்படைக்கு மாறியபோது ஜப்பானிய அரசே அடித்த குறி அது. சாப்பாவுக்கான விலையைக் கொடுக்க வேண்டாம்.

வாங்கிய எதையும் வீட்டு வெள்ளிப் பாத்திரம்போல் விபூதியோ புளியோ போட்டுத் துலக்காதீர்கள். சாப்பாவின் குழிக்குள் படிந்த பழைய கருமை அடியின் வயதைச் சொல்லும் சாட்சி. அது போனால் நேற்று குத்திய போலிச் சாப்பாவிலிருந்து உங்கள் நாணயத்தைப் பிரித்துக்காட்ட முடியாது.