இபி-5 வழியில் இரண்டரை வருடம்: வக்கீல் எதற்கு உதவினார், எதற்கு உதவவில்லை

முதலாளி எடுத்துத் தரும் ஹெச்-1பி வேலை விசாவில் இருந்துகொண்டு அமெரிக்காவில் சொந்தத் தொழில் தொடங்கப் பார்த்தவர்களுக்கு என் நிலைமை புரியும். விசா முதலாளி கையில் இருக்கிறவரை ஒன்றும் நகராது. எல்லோரும் முதலில் தொழிலில் முதலீடு செய்பவர்களுக்கான இ-2 விசாவைச் சொல்வார்கள், ஆனால் அது அமெரிக்காவோடு அதற்கான ஒப்பந்தம் வைத்திருக்கும் நாடுகளின் குடிமக்களுக்குத்தான், இந்தியா அதில் இல்லை. மிச்சம் இருந்தது இபி-5, அதாவது வேலைகளை உருவாக்கும் ஒரு திட்டத்தில் முதலீடு செய்து கிரீன் கார்டு வாங்கும் வழி. 2022 மார்ச்சில் வந்த திருத்தச் சட்டப்படி 10.5 லட்சம் டாலர் முதலீடு, கிராமப்புறமோ வேலையின்மை அதிகமுள்ள பகுதியோ என்றால் 8 லட்சம், 10 பேருக்கு முழுநேர வேலை உருவாக வேண்டும். விசாக்களில் 20 சதவீதம் கிராமப்புறத் திட்டங்களுக்கு ஒதுக்கீடு, நான் மனுப் போட்ட 2023-இல் அதில் இந்தியர்களுக்குக் காத்திருப்பு வரிசையும் இல்லை. அதனால் கிராமப்புறத்தையே எடுத்தேன்.

முதலில் ஒரு தப்பு செய்யப் பார்த்தேன். முதலீட்டுத் திட்டத்தை விற்க வந்தவரே ஒரு வக்கீலையும் கூட்டிவந்தார், கட்டணத்தையும் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அந்த வக்கீலிடம் பேசிய ஒரு மணி நேரத்தில் திட்டத்தில் என்ன ஆபத்து இருக்கிறது என்று நான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. போதாக்குறைக்கு விற்பவர், பணம் திரும்பி வருவது உத்தரவாதம் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். இபி-5 சட்டமே பணம் இழப்புக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது, உத்தரவாதம் கொடுத்தால் மனுவே நிற்காது. இப்படி முதலீட்டாளர்களைச் சேர்த்துவிட்டுக் கமிஷன் வாங்கியதற்காகக் குடியேற்ற வக்கீல்கள் சிலர் மீது 2015-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் நடவடிக்கை எடுத்ததை அன்று இரவு படித்தேன். மறுநாளே வேறு ஆளைத் தேட ஆரம்பித்தேன். நான் பிடித்த வக்கீல் எந்தத் திட்டத்தையும் சிபாரிசு செய்யமாட்டேன் என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டார். கட்டணம் மூன்று தவணை, கடைசித் தவணை மனு போன பிறகுதான்.

அவருக்குக் கொடுத்த பணத்தில் முக்கால்வாசி ஒரே வேலைக்குப் போனது என்று சொல்வேன்: பணம் எங்கிருந்து வந்தது என்று காட்டுவது. 8 லட்சத்தில் 3 லட்சம் என் சேமிப்பும் கம்பெனிப் பங்குகளை விற்றதும், அதற்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. மீதி 5 லட்சம் அப்பா நிலம் விற்றுக் கொடுத்தது. அதற்கு ஏழு மாதம். கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாவற்றையும் மொழிபெயர்த்து அனுப்பினோம். வக்கீலின் ஜூனியர் படித்துவிட்டு, சரி, 1994-இல் இந்த நிலத்தை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். போனில் அப்பாவிடம் சொன்னதும், "ஏம்பா, முப்பது வருஷத்துக்கு முன்னாடி வாங்கினதுக்கு இப்ப ரசீது கேட்டா எங்க போறது?" என்றார். கடைசியில் அம்மாதான் பீரோவின் மேல்தட்டிலிருந்து ஒரு பழைய மஞ்சள் பையை எடுத்தார். உள்ளே அப்பா பிஎஃப் பணம் எடுத்ததற்கான அலுவலக உத்தரவு, நகை அடகு வைத்த சீட்டு, இரண்டும் மடிப்பில் கிழிந்துபோய் இருந்தன. செல்லோடேப் ஒட்டாமல் அப்படியே ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னார் ஜூனியர். அந்த இரண்டு தாள்தான் எங்கள் மனுவின் அடித்தளம்.

நிலத்தை விற்கும்போதும் ஒரு சிக்கல். முதலில் வந்தவர் பாதித் தொகையை ரொக்கமாகத் தருவேன் என்றார், விலையும் நல்ல விலை. வக்கீல் ஒரே வரியில் நிறுத்திவிட்டார்: பத்திரத்திலும் வங்கியிலும் வராத பணம் இந்த மனுவைப் பொறுத்தவரை இல்லாத பணம். குறைந்த விலைக்கு, முழுவதும் வங்கி வழியாகத் தருகிறவருக்கே கொடுத்தோம். அப்புறம் அனுப்பும் வரம்பு. இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர்தான் வெளியே அனுப்பலாம். அப்பா 2023 மார்ச்சில் ஒரு முறை, ஏப்ரலில் புது நிதியாண்டு பிறந்ததும் ஒரு முறை அனுப்பினார். அனுப்பும்போதே வங்கி முன்கூட்டிப் பிடித்த டிசிஎஸ் வரியை அப்பா கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கிவிட்டார்.

என் வக்கீலிடம் எனக்கு ஒரு குறை உண்டு. வெளிநாட்டில் இருப்பவரிடமிருந்து வருடத்தில் 1 லட்சம் டாலருக்கு மேல் அன்பளிப்பு வந்தால் அமெரிக்க வரித்துறைக்குப் படிவம் 3520 தாக்கல் செய்ய வேண்டும், வரி கிடையாது, ஆனால் மறந்தால் அபராதம் தொகையில் 25 சதவீதம் வரை போகலாம். இதை அவர் வாயே திறக்கவில்லை. என் ஆடிட்டர் தற்செயலாகக் கேட்டதால் தப்பித்தேன். குடியேற்ற வக்கீல் வரி பார்க்கமாட்டார் என்பது நியாயம்தான், ஆனால் ஒரு வரி எச்சரித்திருக்கலாம். நீங்கள் இந்த வழியில் போனால் முதல் நாளே ஆடிட்டரையும் சேர்த்து உட்கார வையுங்கள்.

2023 ஜூனில் முதலீட்டாளருக்கான ஐ-526இ மனுவும் கிரீன் கார்டு மனுவும் ஒன்றாகவே போட்டோம். ஏற்கெனவே அமெரிக்காவில் இருப்பவர்களுக்குப் புதுச் சட்டம் தரும் பெரிய சலுகை இது. ஐந்து மாதத்தில் வேலை அனுமதி அட்டை வந்தது, அந்த வாரமே ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு என் மென்பொருள் கம்பெனியைப் பதிவு செய்தேன். கூடுதல் ஆதாரம் எதுவும் கேட்காமல் பதினைந்தாவது மாதம் மனு பாஸ் ஆனது, 2025 தொடக்கத்தில் இரண்டு வருட நிபந்தனை கிரீன் கார்டு கைக்கு வந்தது.

யோசித்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 2026 செப்டம்பர் 30-க்குள் மனுப் போட்டவர்களுக்குத்தான், இந்த பிராந்திய மையத் திட்டம் (பல முதலீட்டாளர்களின் பணத்தை ஒரே திட்டத்தில் சேர்க்கும், நான் போன இபி-5 வழி) பின்னால் காலாவதியானாலும் மனு தொடர்ந்து பரிசீலிக்கப்படும் என்ற பாதுகாப்பு சட்டத்தில் இருக்கிறது. பழைய பத்திரங்களைத் தேட எனக்கு ஆன நேரத்தையும் அதோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அட்டை காலாவதியாகும் முன் 90 நாளுக்குள், நிபந்தனையை நீக்கச் சொல்லும் ஐ-829 மனுவைப் போட வேண்டும், 10 வேலைகள் உருவானதற்கு ஆதாரத்தோடு. அந்தக் கணக்கு வழக்கைக் காலாண்டுக்கு ஒருமுறை திட்டக்காரர்களிடம் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். அதே வக்கீல்தான் பார்க்கிறார்.