காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்த குழந்தையிடம் எந்த மொழியில் பேசுவது? மும்பைத் தமிழர்களுக்கு மூன்று வழிகள்

காது கேளாத குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்து பொருத்தும் கேட்புக் கருவிதான் காக்ளியர் இம்ப்ளான்ட். அதை முதன்முதலாக இயக்கிவைக்கும் 'ஸ்விட்ச்-ஆன்' முடிந்ததும் தாராவி, மாட்டுங்கா பக்கத் தமிழ் வீடுகளில் இந்தக் கேள்வி வந்துவிடும். ஸ்பீச் தெரபி, அதாவது பேச்சுப் பயிற்சி, இந்தியில் நடக்கிறது. வீட்டிலும் இந்திக்கு மாறுவதா, தமிழிலேயே பேசுவதா, இல்லை அம்மாவும் பிள்ளையும் சென்னைக்குப் போய்விடுவதா?

இந்திக்கு மாறினால் தெரபி, பள்ளி, வீடு எல்லாம் ஒரே மொழியாகிவிடும், குழந்தை குழம்பாது என்பார்கள். ஆனால் தெரபி வாரத்துக்கு ஓரிரு மணி நேரம்தான், மற்றதெல்லாம் வீடுதான். திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்த அம்மாவுக்கு 'பானி பியோ', 'இதர் ஆவோ' என்பதைத் தாண்டி இந்தி வராது. குழந்தையின் காதில் வெறும் கட்டளைதான் விழும். அவரே தமிழில், "பால் சுடுது, கொஞ்சம் ஆறட்டும், ஊதிக் குடிக்கலாமா?" என்று பேசிக்கொண்டே இருப்பார். இந்தப் பேச்சில்தான் மொழி வளர்கிறது. சிறு வயதிலேயே இம்ப்ளான்ட் வைத்த பிள்ளைகள் இரண்டு மொழி கற்கிறார்கள். ஒன்று நன்றாக வேரூன்றிவிட்டால் அடுத்தது சுலபம். அதனால் என் ஓட்டு தமிழுக்கே. அப்பா அம்மா இருவரும் மும்பையிலேயே வளர்ந்து, தங்களுக்குள் இந்தியில்தான் சரளமாகப் பேசுகிறார்கள் என்றால் இந்தியே சரி.

சென்னையில் பாலவித்யாலயா என்ற பள்ளி 1969 முதல் செவித்திறன் குறைந்த மழலைகளுக்காக இயங்குகிறது. தாய்க்கும் சேர்த்தே பயிற்சி தருகிறார்கள். தாத்தா பாட்டி அங்கே இருந்தால் யோசிக்கலாம். இல்லாவிட்டால் இரட்டை வாடகை, அப்பாவின் குரல் போனில் மட்டும். அந்த இழப்பு சின்னதல்ல.

எந்த வழியானாலும் கருவி விழித்திருக்கும் நேரமெல்லாம் காதில் இருக்க வேண்டும், டிவி அணைந்திருக்க வேண்டும். காலையில் குழந்தையின் பின்னால் நின்று ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, கேட்கிறதா என்று பாருங்கள். நேற்றுவரை கேட்ட 'ஸ்' இன்று கேட்கவில்லையென்றால் முதலில் பேட்டரியையும், தலையில் ஒட்டியிருக்கும் காயிலையும் பாருங்கள். அப்புறமும் கேட்கவில்லையென்றால் ஆடியாலஜிஸ்ட்டிடம் (செவித்திறன் நிபுணர்) காட்டுங்கள். மேப்பிங்கை, அதாவது குழந்தைக்கு ஏற்றபடி கருவியில் வைத்த ஒலி அமைப்பை, மாற்ற வேண்டியிருக்கலாம்.

தெரபிஸ்ட்டுக்குத் தமிழ் தெரியாதது பெரிய தடையில்லை. இந்த வாரம் என்ன பாடம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'மேலே, கீழே' என்றால், வீட்டில் பரணைக் காட்டி, கட்டிலுக்கடியில் பந்தைத் தேடி, அதைத் தமிழிலேயே செய்யலாம்.